சொல்லிய பின் நிற்பதே விலை

யானைக்கவுனியில் குடியிருப்பவனுக்கு விலை என்னும் சொல் புதியதன்று. காலையில் எழுந்து வாயிற்படியில் நின்றால் போதும். பாத்திரத்தின் விலை, காகிதத்தின் விலை, பருப்பின் விலை, வண்டிக்கூலியின் விலை எனப் பலவும் பல மொழிகளில் காதில் வந்து விழும். கவுனி என்றால் கோட்டை வாயில். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனியார் கறுப்பர் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலில் இருந்த வாயில்களுள் ஒன்றுதான் எங்கள் பகுதிக்குப் பெயர் தந்தது. அம்மதிலுக்கான செலவை ஈடுகட்ட மக்கள்மீது விதிக்க எண்ணிய வரியின் பெயரே, அருகில் ஓடும் வால்டாக்ஸ் சாலைக்கு இன்றும் பெயராக நிற்கிறது. மதில் போயிற்று, வாயில் போயிற்று, யானையும் போயிற்று. கணக்கு மட்டும் போகவில்லை.

இத்தகைய இடத்தில் பாத்திர மொத்த வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதியும், வெளியூர்க் கடைகளுக்குச் சென்று பாக்கி வசூலித்தும் வாழ்நாளைக் கழித்தவன் நான். பிறருடைய பொருளுக்கு ஆயிரக்கணக்கில் விலைச்சீட்டு எழுதியிருக்கிறேன். ஆயினும், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் சொந்தப் பொருள் ஒன்றுக்கு விலை எழுத உட்கார்ந்தபோது என் பேனா நகர மறுத்தது. அந்தப் பொருள், 38 ஆண்டுகள் என்னைச் சுமந்த புல்லட் மோட்டார் சைக்கிள்.

அதனை விற்க நேர்ந்த காரணம் எளியது. எனக்கு வயது 68. அந்த வண்டியை நடுத்தண்டில் தூக்கி நிறுத்தும் வலு என் இடுப்பில் இல்லை. மேலும் என் பேத்திக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் ஆண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்து 1,20,000 ரூபாய் வேண்டும். மருமகனுக்கு வருமானம் குறைவு. வீட்டில் விற்கத்தக்கதாய் இருந்தது அந்த ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் அதற்கு இருந்த இடத்தைச் சொல்லாமல் விலையைச் சொன்னால் வாசகர்களுக்கு விளங்காது. 1987இல் ஏறத்தாழ 19,000 ரூபாய் கொடுத்து, அதில் பாதியைச் சீட்டுப் பணத்திலும் மீதியைக் கடனிலும் கட்டி வாங்கினேன். அது பிறந்த ஊர் எங்கள் வீட்டிற்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள திருவொற்றியூர். 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார், இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து உறுப்புகளை வரவழைத்து இங்கே பூட்டினார்கள். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே வார்க்கலானார்கள். 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் அத்தொழில் நின்றுபோயிற்று; கடற்கரையோரத்துத் திருவொற்றியூரில் மட்டும் அது நின்றபாடில்லை. தாய்வீடு மூடப்பட்ட பின்னரும் புகுந்த வீட்டில் பெயர் விளங்க வாழ்ந்த பெண்ணைப்போல அந்த வண்டி நம் மண்ணில் வாழ்ந்தது.

அதில் ஏறி நான் வேலூருக்கும் திருக்கோவலூருக்கும் கடலூருக்கும் வசூலுக்குப் போவேன். முன்விளக்குக் கூட்டில் உள்ள ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை உதைதண்டை மெல்ல அழுத்தி, பின்பு ஒரே உதையில் கிளப்பும் வித்தை கைவந்த பிறகு, மாதத்தில் 10 நாள் சாலையே என் வீடாயிற்று. கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் அமைந்த பழைய முறை வண்டி அது. ஆண்டுதோறும் செப்டம்பரில் என் மனைவியைப் பின்னால் அமர்த்தி, செங்கற்பட்டு, திண்டிவனம், புதுச்சேரி, சிதம்பரம், காரைக்கால் வழியாக வேளாங்கண்ணிக்குப் போய் வருவோம். குழந்தையை நடுவில் வைத்துப் போன ஆண்டுகளும் உண்டு.

என்ன விலை சொல்வது?

விலை எழுதத் தொடங்கியபோது என் நெஞ்சில் மூன்று குரல்கள் எழுந்தன. கணக்கப்பிள்ளையின் குரல், "38 ஆண்டு தேய்ந்த இரும்பு, எடைக்குப் போடு" என்றது. தகப்பனின் குரல், "உன் குடும்பத்தையே சுமந்த வண்டி, எவ்வளவு கேட்டாலும் தகும்" என்றது. மூன்றாவது, சந்தையின் குரல். அதுதான் என்னை மயக்கிற்று.

2010ஆம் ஆண்டையொட்டி இயந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒரே கூடாக அமைந்த புதிய வகைப் புல்லட் வண்டிகள் வந்து, பழைய வார்ப்பிரும்பு இயந்திர வண்டிகள் நின்றுபோயின. நின்றுபோன பொருளுக்குத்தானே உலகில் மதிப்பு! பழைய வண்டியின் ஓசைக்காகவே அதனைத் தேடி அலையும் இளைஞர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. என் வண்டியோ 1989இல் டி.என். எண்முறை வருவதற்கு முன்னர்ப் பதிவானது. மூன்று எழுத்துகளைக் கொண்ட பழைய எண். அந்த எண்ணுக்காகவே சிலர் சில ஆயிரம் கூட்டிக் கொடுப்பார்கள் என்று புதுப்பேட்டையில் உதிரிபாகம் விற்பவர் ஒருவர் சொன்னார். 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்; பசுமை வரியும் கட்ட வேண்டும். 2022இல் நான் அவற்றைக் குறைவறச் செய்திருந்தேன். ஆகவே துணிந்து 1,40,000 ரூபாய் என்று எழுதினேன்.

பலர் வந்தார்கள். ஒருவர் சாவியை வாங்கி, "ஒரு சுற்றுப் போய் வருகிறேன்" என்று கிளம்ப முற்பட்டார். அவருடைய வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் போகச் சொன்னேன். முகம் கடுத்து நடந்துவிட்டார். இன்னொருவர் சக்கரத்தைக்கூடப் பாராமல் பாதி விலைக்குக் கேட்டார். இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியபோது, வாசலில் ஓர் இளைஞர் காத்திருந்தார். கணினி நிறுவனத்தில் வேலை. மணமாகி மூன்று மாதம். மனைவியும் உடன் வந்திருந்தார்.

இருவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருந்த எண்களோடு ஒப்பிட்டார் அவர். அந்த மட்டும் விவரம் அறிந்தவர்தான். வண்டி ஒரே உதையில் கிளம்பிற்று. புகை நீலமாய் வந்தால் எண்ணெய் எரிகிறது என்றும், கறுப்பாய் வந்தால் பெட்ரோல் மிகுகிறது என்றும் கூறுவார்கள். என் வண்டியில் இரண்டும் இல்லை. அதன் 'தடக் தடக்' ஓசையைக் கேட்டதும் அப்பெண் சிரித்தாள்.

"ஐயா, ஆகஸ்டில் இதிலேயே நாங்கள் இருவரும் லடாக் போகப் போகிறோம். மணாலியிலிருந்து லே வரைக்கும். அங்கிருந்து கர்துங்லா கணவாய்க்கும்" என்றார் இளைஞர்.

1,25,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டோம். முன்பணமாக 10,000 கொடுத்துவிட்டுப் போனார்கள். பேத்தியின் கட்டணம் கட்டி, மேலும் 5,000 கையில் நிற்கும். அன்று நான் இறைவனுக்கு நன்றி சொல்லி உணவருந்தினேன். என் மனைவி மட்டும் பேசாமல் பரிமாறினாள்.

அடியில் இருந்த தையல்

இரவு விளக்கணைத்த பின் அவள் கேட்டாள்: "என்னங்க, திண்டிவனத்துச் சமாசாரத்தை அந்தத் தம்பியிடம் சொன்னீர்களா?"

நான் உறங்குவதுபோல் கிடந்தேன்.

1998ஆம் ஆண்டு செப்டம்பரில், வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து திரும்புகையில், திண்டிவனத்துக்கு அருகே மாலை மங்கிய நேரத்தில் எருமை ஒன்று சாலையின் குறுக்கே வந்தது. மோதி விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு, அவளுக்கு இடக்கை மணிக்கட்டு முறிந்தது. வண்டியின் முன் ஃபோர்க் வளைந்தது. அதைவிடக் கெட்டது, கைப்பிடித் தண்டு பொருந்தும் கழுத்துப் பகுதியிலிருந்து எஞ்சினை நோக்கி இறங்கும் ஒற்றைக் குழாய் விரிசல் கண்டதுதான். ஃபோர்க்கை மாற்றினேன். குழாயைப் பற்றவைத்து, அராவி, கறுப்பு வண்ணம் பூசினார்கள். பூசிய பிறகு எனக்கே இடம் தெரியவில்லை.

அதன் பின்பு 27 ஆண்டுகள் அதில் ஓடினேன். ஒரு குறையும் இல்லை. இந்த 27 ஆண்டுகளைத்தான் அன்றிரவு முழுவதும் என் மனச்சாட்சிக்கு எதிரில் சாட்சியாக நிறுத்தினேன். "ஓடிய வண்டிதானே! அவன்தான் பார்த்து வாங்கினானே! நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே! அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்று வாதாடினேன். என் பேத்தியின் முகத்தையும் துணைக்கு அழைத்தேன். ஆனால் கண்ணை மூடினால் தெரிந்ததெல்லாம் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கல்லும் பள்ளமுமான மலைச்சாலையும், அந்த வண்டியின் பின்னால் அமர்ந்து சிரிக்கும் ஒரு பெண்ணும்தான். அந்த இடத்தில் 27 ஆண்டுகளுக்கு முன் அமர்ந்திருந்தவள் என் அருகில் படுத்திருந்தாள். மழைக்காலத்தில் அவளுடைய மணிக்கட்டு இன்றும் வலிக்கிறது.

அப்போது என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். அவர் மணப்பாறைப் பக்கத்துக் குடியானவர். மாட்டுச்சந்தையில் கைதேர்ந்தவர். சந்தையிலே விலை வாயால் பேசப்படுவதில்லை. துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்துப் பேசப்படும். பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், நடத்திப் பார்ப்பார்கள். பாட்டனார் பேரத்தில் ஒரு ரூபாயும் விட்டுக்கொடார். கொம்பு கோணலாய் இருந்தால் அதைப்பற்றி வாய் திறக்கமாட்டார். ஆனால், ஏரில் பூட்டினால் நடுவழியில் படுத்துக்கொள்ளும் காளையை விற்கும்போது, பிடித்த துண்டை விலக்கிவிட்டு, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். "கண்ணுக்குத் தெரிவது வாங்குகிறவன் பாடு; தெரியாதது விற்கிறவன் பாடு" என்பது அவருடைய சட்டம். சிறுவனாகிய நான் அதை வியாபார தந்திரம் என்றே எண்ணியிருந்தேன்.

பின்னாளில் எங்கள் பங்கில் நடந்த ஒரு கருத்தரங்கில் கேட்டறிந்தேன்: 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார், தம் இறையியல் பெருநூலில், விற்றல் வாங்கலில் நிகழும் வஞ்சகத்தைப் பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார். ஒற்றைக் கண் குதிரையை விற்பவன், குறைக்கு ஏற்ப விலையைக் குறைத்துக் கேட்டால், அக்குறையை வாய்விட்டுக் கூற வேண்டியதில்லை. அது எல்லார் கண்ணுக்கும் தெரிவது. ஆனால் வாங்குபவனுக்கு இழப்பையோ ஆபத்தையோ தரக்கூடிய மறைவான குறையைச் சொல்லாமல் விற்பது தவறு என்கிறார். நொண்டிக் குதிரையையும் விழப்போகும் வீட்டையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். அந்த மேதைக்கும் மணப்பாறைச் சந்தையில் நின்ற எழுத்தறியாத என் பாட்டனாருக்கும் இடையே எத்தனை கடல்கள்! எத்தனை நூற்றாண்டுகள்! இருவரும் ஒரே தீர்ப்பை எழுதியிருக்கிறார்கள். நம் வள்ளுவர் பெருமானும் வணிகரைப்பற்றிய குறளைப் பொருள் தேடும் அதிகாரத்தில் வைக்காமல், 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் இறுதியிலன்றோ வைத்தார்!

புனித தோமாவின் ஆராய்ச்சியில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கு இழப்பு உண்டாகுமானால், அதை அவன் விலையில் சேர்க்கலாம். ஆனால் வாங்குபவனுக்கு அப்பொருள் மிகவும் தேவை என்பதற்காக விலையை ஏற்றலாகாது. ஏனெனில் அந்தத் தேவை விற்பவனுடைய பொருள் அன்று. அந்த இளைஞருடைய கண்களில் இருந்த ஆசையையும் நான் 1,40,000க்குள் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன் என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது.

விடிந்ததும் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்று தொடங்கி, நடந்ததைக் கூறினேன். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை.

"ஐயா, பற்றவைத்த இடம் கழுத்துக்குப் பக்கத்திலா?"

"ஆம், தம்பி."

"அப்படியென்றால் எனக்கு வேண்டாம், ஐயா. தவறாக நினைக்க வேண்டாம்."

மாலையில் அவர் வந்தபோது 10,000 ரூபாயையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். இனிய முகத்தோடுதான் பெற்றுக்கொண்டார். ஆனால் அவர் படியிறங்கிப் போகும்போது, நன்மை செய்தவனுக்குரிய மகிழ்ச்சி என்னிடம் இல்லை. கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 'வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே' என்ற எண்ணம் அன்று மட்டும் எத்தனை முறை வந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

சிவப்புக் கோடு

பத்து நாள் கழித்துத் திருவொற்றியூரிலிருந்து ஒருவர் வந்தார். சிறிய லேத் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயது இருக்கும். இம்முறை அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னரே பற்றவைத்த இடத்தைக் காட்டிவிட்டேன்.

"எல்லாரும் இதை மறைக்கத்தானே அண்ணே பார்ப்பார்கள்!" என்று வியந்த அவர், மறுநாள் ஒரு பையோடு வந்தார். அந்த இடத்து வண்ணத்தைச் சுரண்டி, இரும்பு பளிச்சிடும்வரை துடைத்தார். சிவப்புச் சாயம் ஒன்றைத் தெளித்துச் சற்று நேரம் ஊறவிட்டார். பின்பு சாயத்தை முற்றிலும் துடைத்துவிட்டு, வெண்ணிற மருந்தை மெல்லியதாய்த் தெளித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் வெண்மையின்மீது ஊறி வெளிப்படும் என்று விளக்கினார். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பற்றவைத்த தையல் உறுதியாய்த்தான் இருந்தது. ஆனால் தையலின் ஓரத்தில், நகத்தின் நீளம்கூட இல்லாத ஒரு சிவப்புக் கோடு மெல்ல மெல்லத் தோன்றிற்று.

"சூடு பட்ட ஓரத்தில்தான் இப்படித் தொடங்கும், அண்ணே. ஊருக்குள் ஓட்டினால் இன்னும் பத்து வருடம் தாங்கலாம். இரண்டு பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு மலையில் குலுங்கினால் எப்போது விடும் என்று யார் சொல்ல முடியும்?"

என் உடல் சில்லிட்டது. வாசற்படியில் நின்றிருந்த என் மனைவி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள்.

பின்பு அவர் ஒரு தாளில் எழுதி விலை போட்டார். அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, வாசகர்களுக்கும் பயன்படலாம். குறையில்லாத இத்தகைய வண்டி என்ன பெறும் என்பதை முதலில் எழுதினார்: 1,25,000. அதன் கீழே, வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவுகளை ஒவ்வொன்றாய் எழுதினார். குழாயை வெட்டி எடுத்துப் புதிய குழாய் பொருத்தி நேர்பார்க்க 18,000. இரு சக்கரத்துக்கும் டயர் 6,000. சங்கிலியும் பற்சக்கரங்களும் 3,000. கழுத்துப் பேரிங்கும் பின் கவையின் புஷ்ஷும் 3,000. மொத்தம் 30,000. கழித்தால் 95,000.

"இதில் எனக்கு லாபமும் இல்லை, உங்களுக்கு நட்டமும் இல்லை, அண்ணே. உங்களுக்குச் சம்மதமா?"

பேரம் பேச ஒன்றும் இல்லை. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் பேரத்துக்கும் இடம் குறைந்துவிடுகிறது. சம்மதித்தேன்.

அன்று மாலை அந்த இளைஞரை மீண்டும் அழைத்துச் சிவப்புக் கோட்டைப்பற்றிச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என் மனைவியிடம் சொல்கிறேன், ஐயா" என்று மட்டும் கூறினார்.

கையெழுத்தும் ஒரு கடமை

பணம் கைமாறியதோடு விற்பனை முடிந்தது என்று எண்ணுவோர் நம்மில் பலர். என் மைத்துனர் அப்படித்தான் எண்ணினார். பல ஆண்டுகளுக்கு முன் தம் ஸ்கூட்டரை ஒரு தரகரிடம் விற்று, ஒன்றும் எழுதாத படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ போயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. மூன்றாண்டு கழித்து, யாரோ ஒருவர் அதை ஓட்டி யாரையோ இடித்த வழக்கில், இவருக்கு நீதிமன்ற அழைப்பு வந்தது. அவர் பட்ட அலைச்சல் கொஞ்சமன்று.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு இதைத் தெளிவாய்க் கூறுகிறது. ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றால், விற்பவர் 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முன்னதற்கு 29ஆம் படிவம். பின்னதற்கு 30ஆம் படிவம். 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் வழங்கிய தீர்ப்பும் நினைவில் வைக்கத்தக்கது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர்; விபத்துக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பும் அவரையே சாரும் என்பது அதன் சாரம். காப்பீட்டையும் புதியவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வாங்குபவர் 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆகவே பட்டறைக்காரரும் நானும் சேர்ந்தே அலுவலகத்துக்குச் சென்றோம். நாளும் நேரமும் குறித்து, படிவங்களை நிரப்பிய பின்னரே கையெழுத்திட்டேன். நகல்களை வீட்டில் பத்திரமாய் வைத்திருக்கிறேன். குறையைச் சொல்லுதல் வாங்குபவருக்குச் செய்யும் நீதி என்றால், பெயரை மாற்றித் தருதல் சாலையில் நடக்கும் முகம் தெரியாத மக்களுக்குச் செய்யும் நீதி. அடிபட்டவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் அலையக்கூடாது அல்லவா?

95,000 போக, பேத்தியின் கட்டணத்துக்கு இன்னும் 25,000 குறைந்தது. நடந்துகொண்டிருந்த சீட்டைத் தள்ளுபடிக்கு எடுத்தேன்; அதில் 4,000 போயிற்று. ஆக, ஒரு வார்த்தை சொன்னதற்கு எனக்கான செலவு 34,000 ரூபாய். இதை ஏன் இவ்வளவு கணக்காய் எழுதுகிறேன்? உண்மை பேசினால் உடனே பன்மடங்காய்த் திரும்பி வரும் என்று சிலர் கதை சொல்லுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் திரும்பி வரவில்லை. அந்த 34,000 போனது போனதுதான். ஆனால் அது யாருடைய பணம் என்று நினைத்துப் பார்த்தேன். 30,000 அந்த இளைஞர் அறியாமையால் எனக்குத் தர இருந்தது; என்னுடையதாய் இருந்ததே இல்லை. என் கையிலிருந்து உண்மையில் போனது 4,000 மட்டுமே. நிம்மதியான உறக்கத்துக்கு அது அதிக விலையன்று.

வண்டியை எடுத்துச் செல்ல அவர் வந்த காலையில், நான் கடைசியாக ஒருமுறை உதைத்துக் கிளப்பிக் கொடுத்தேன். என் மனைவி முன்விளக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அந்த ஓசை தெருமுனை திரும்பித் தேய்ந்து மறையும்வரை நின்றோம். அது பிறந்த ஊருக்கே போகிறது என்பது எங்களுக்கு ஓர் ஆறுதல். வாசலில் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்று இருக்கிறது. தேய்த்துக் கழுவ வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டறைக்காரர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். புதிய குழாய் பொருத்திய வண்டியைக் காட்டி, "பின்னால் உட்கார்ந்து வாருங்கள், அண்ணே" என்று கடற்கரைச் சாலையில் என்னைச் சிறிது தூரம் ஏற்றிச் சென்றார். 38 ஆண்டுகளில் நான் அந்த வண்டியில் பின்னால் அமர்ந்தது அதுவே முதல் முறை. முன்னால் ஓட்டுபவனுக்குச் சாலை தெரிகிறது; கைப்பிடி இருக்கிறது; பிரேக் இருக்கிறது. பின்னால் அமர்ந்தவருக்கோ நம்பிக்கை ஒன்றைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. என் மனைவி இத்தனை ஆண்டுகள் எங்கே அமர்ந்திருந்தாள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அன்றிரவு அவள் ஏன் உறங்காமல் கேட்டாள் என்பதும் விளங்கிற்று.

அன்பர்களே! வண்டியோ வீடோ மாடோ, பழைய பொருளை விற்க நேரும்போது என்ன விலை சொல்வது என்று என்னைக் கேட்டால், நான் கற்ற பாடம் இதுதான்: நீங்கள் அறிந்த குறைகளையெல்லாம் முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லிய பின் எது நிற்கிறதோ, அதுவே உங்கள் பொருளின் விலை. அதற்கு மேல் வருவது அந்தப் பொருளின் விலை அன்று. நம் மௌனத்தின் விலை. அதை வாங்கிக்கொண்டு நாம் விற்பது, பின்னால் அமர்ந்திருக்கும் யாரோ ஒருவருடைய நம்பிக்கையை.